ஒயரையும் சேர்த்துத்தான் அளக்கிறோம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கும். பழுது என்று கடைக்குக் கொண்டு போனால், அங்கே இருப்பவர் சொல்வதுதான் தீர்ப்பு. "சார், வோல்டேஜ் இறங்குது, சார்ஜரை மாத்தணும்." "கிரிஸ்டல் ஓடலை சார், போர்டு போயிடுச்சு." அவர் கையில் ஒரு கருவி, கருவியின் திரையில் ஒரு எண் அல்லது ஒரு கோடு. எண்ணைக் காட்டிய பிறகு நாம் என்ன பேச முடியும்? பணத்தை எடுத்து வைக்க வேண்டியதுதான் என்று நினைக்கிறோம்.

பேச முடியும் என்பது என் கட்சி. அதற்கு எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு கேள்வி போதும்: "இந்த எண்ணில் உங்கள் ஒயரின் பங்கு எவ்வளவு?" இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத அளவீட்டை வைத்து எந்தப் பொருளையும் குப்பையில் போடச் சொல்லக் கூடாது. ஏன் என்று பார்ப்போம்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்தெந்த புரோகிராம் எவ்வளவு மெமரி எடுத்துக் கொள்கிறது, பிராசஸரை எவ்வளவு வேலை வாங்குகிறது என்று பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் சற்றுத் தேடினால் டாஸ்க் மேனேஜர் என்ற பெயரும் இருக்கும். அளக்க வந்தவரும் கொஞ்சம் சாப்பிடுகிறார்! ஆனால் நேர்மையாகத் தன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்.

மின்சாரத்தை அளக்கும் கருவிகளும் இப்படித்தான் கொஞ்சம் சாப்பிடுகின்றன. ஒரே வித்தியாசம், அவை தங்கள் பெயரைப் பட்டியலில் போடுவதில்லை. அந்தக் கணக்கை அளப்பவர்தான் போட வேண்டும்.

நெய் வாங்கத் தூக்குப் பாத்திரம் கொண்டு போகிறீர்கள். கடைக்காரர் வெறும் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து, அதன் எடையைக் கழித்து விட்டுத்தான் நெய்யை நிறுக்கிறார். கழிக்காமல் நிறுத்தால் சண்டைக்குப் போவோம். மின் அளவீட்டில் ஒயரும் கேபிளும்தான் அந்த வெறும் பாத்திரம்.

வீட்டிலேயே இருக்கும் உதாரணம்

போன் சார்ஜ் ஆக நேரம் பிடிக்கிறது. சார்ஜர் மேல் சந்தேகம். யுஎஸ்பி கேபிளின் கடைசி முனையில் ஒரு சின்ன டெஸ்டரைச் செருகி, போனை இணைத்துப் பார்க்கிறார்கள். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.2 காட்டுகிறது. "சார்ஜர் வீக்" என்று தீர்ப்பு. சரியா?

கணக்குப் போடுவோம். மலிவான யுஎஸ்பி கேபிள்களின் உள்ளே பெரும்பாலும் 28 கேஜ் ஒயர்தான் இருக்கும். கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெலியும் என்பதை நினைவில் வையுங்கள். 28 கேஜ் செம்பு ஒயரின் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் ஒரு ஒயரில் போய் இன்னொன்றில் திரும்பி வர வேண்டும். எனவே 1 மீட்டர் கேபிளில் 0.43 ஓம். 2 ஆம்பியர் ஓடினால் 0.43 பெருக்கல் 2, அதாவது சுமார் 0.85 வோல்ட் கேபிளிலேயே கரைந்து விடும். சார்ஜர் சரியாக 5 வோல்ட் கொடுத்தாலும் கடைசி முனையில் 4.15 வோல்ட்தான் இருக்கும். குற்றவாளி கேபிள், தண்டனை சார்ஜருக்கு!

அதே நீளத்துக்கு 24 கேஜ் ஒயர் உள்ள கேபிளைப் போடுங்கள். இழப்பு 0.34 வோல்ட்டாகக் குறையும். பிள்ளைகள் புரோகிராமிங் பழக வாங்கும் ராஸ்பெர்ரி பை போர்டுகளில் இதை நேரில் பார்க்கலாம். பல மாடல்களில் வோல்டேஜ் சுமார் 4.63க்குக் கீழே போனால், திரையின் மூலையில் மின்னல் படம் எச்சரிக்கையாக வரும். அதைப் பார்த்து அடாப்டரை மாற்றுகிறவர்கள், முதலில் தடிமனான, நீளம் குறைந்த கேபிளைப் போட்டுப் பார்ப்பது நல்லது. சார்ஜர் அருகில் ஒரு முறையும் கேபிளின் கடைசி முனையில் ஒரு முறையும், கரண்ட் ஓடும்போதே அளந்தால் உண்மை தெரிந்து விடும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் கேபிளின் பங்கு.

ஆஸிலோஸ்கோப் ஏன் உங்கள் கவலை?

மல்டிமீட்டர் ஒரு எண்ணைக் காட்டும். ஆஸிலோஸ்கோப் மின்சாரம் நேரத்துக்கு நேரம் எப்படி மாறுகிறது என்பதைப் படமாக வரைந்து காட்டும். 1897-ல் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி இதற்கான கேதோட் ரே குழாயைச் செய்தார். நம் வீடுகளில் இருந்த பழைய டிவிகளின் பிக்சர் டியூப் அதன் வழி வந்ததுதான்.

முன்பெல்லாம் கல்லூரி லேபிலும் பெரிய சர்வீஸ் சென்டரிலும் மட்டுமே இருந்த கருவி இது. இன்று சில ஆயிரம் ரூபாயில், யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் செருகும் ஆஸிலோஸ்கோப் கிடைக்கிறது. உங்கள் மானிட்டரே அதன் திரை. பக்கத்துத் தெரு சர்வீஸ் கடையிலும் வந்து விட்டது, பள்ளி மாணவன் மேஜையிலும் வந்து விட்டது. கருவி வந்த வேகத்தில், அதைப் பயன்படுத்தும் ஒழுங்கு வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ப்ரோபின் உள்ளே என்ன இருக்கிறது?

ஆஸிலோஸ்கோப்பிலிருந்து பேனா போல நீளும் ஒயரை ப்ரோப் என்பார்கள். பார்க்கச் சாதாரண ஒயர் மாதிரி இருந்தாலும் அதன் உள்ளே ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. பரவலாகப் பயன்படும் 10எக்ஸ் ப்ரோபின் முனையில் 9 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். ஆஸிலோஸ்கோப்பின் உள்ளே 1 மெகாஓம். இரண்டும் சேர்ந்து, வரும் வோல்டேஜைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து உள்ளே அனுப்பும். அதைத் திரும்பப் பத்தால் பெருக்கிக் காட்டும்படி நாம் மெனுவில் சொல்ல வேண்டும். சொல்ல மறந்தால் 12 வோல்ட் 1.2 வோல்ட்டாகத் தெரியும். பல ப்ரோபுகளில் 1எக்ஸ், 10எக்ஸ் என்று மாற்றும் சின்ன சுவிட்சும் உண்டு. விரல் பட்டு அது நகர்ந்தாலே அளவு பத்து மடங்கு மாறி விடும்.

இது சுலபமான பகுதி. அடுத்தது கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. எந்தக் கேபிளுக்கும் மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைக்கும் தன்மை உண்டு. இதைக் கெப்பாசிட்டன்ஸ் என்கிறோம். ஆஸிலோஸ்கோப்பின் உள்ளேயும் 15 முதல் 20 பைக்கோபாரட் அளவுக்கு இது இருக்கும். மெதுவாக மாறும் சிக்னலை இது பாதிக்காது. வேகமாக மாறும் சிக்னலின் கூர்மையை மழுங்கடிக்கும். இதைச் சரிக்கட்டத்தான் ப்ரோபில் ஒரு குட்டித் திருகு வைத்திருக்கிறார்கள். ப்ரோபுடன் வரும் சின்ன பிளாஸ்டிக் ஸ்குரூடிரைவர் அதற்குத்தான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆஸிலோஸ்கோப்பின் முகப்பில், பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை தரும் ஒரு முனை இருக்கும். அதில் ப்ரோபை 10எக்ஸ் நிலையில் மாட்டுங்கள். திரையில் தெரியும் சதுரத்தின் மேல் மூலைகள் உருண்டு மழுங்கியிருந்தால் திருத்தம் போதவில்லை. மூலைகள் கொம்பு போல மேலே எழும்பினால் திருத்தம் அதிகமாகி விட்டது. மேல் விளிம்பு தட்டையாக வரும் வரை திருகுங்கள். ஒரு நிமிட வேலை. ப்ரோபை வேறு ஆஸிலோஸ்கோப்பில் மாட்டினாலும், அதே கருவியில் வேறு சேனலுக்கு மாற்றினாலும் இதை மறுபடி செய்ய வேண்டும்.

"பேட்டரியை வைத்துப் பார்த்தேன், மீட்டரும் ஸ்கோப்பும் ஒரே எண்ணைத்தான் காட்டின. எனவே என் ப்ரோப் சரி" என்று சிலர் சொல்வார்கள். இது ஏமாற்றம். திருகு தவறாக இருந்தாலும் பேட்டரி போன்ற மாறாத வோல்டேஜ் சரியாகவே தெரியும். வேகமான சிக்னலில்தான் பிழை வெளிப்படும்.

ஓடுகிற கிரிஸ்டலை நிறுத்தும் ப்ரோப்

கம்ப்யூட்டரை அணைத்து வைத்தாலும் தேதியும் நேரமும் தவறாமல் ஓடுகிறதே, அதற்கு மதர்போர்டில் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று இருக்கிறது. கைக்கடிகாரங்களில் இருக்கும் அதே வகை. பல போர்டுகளில் இது ஓடாவிட்டால் கம்ப்யூட்டரே ஆன் ஆகாது. எனவே "டெட்" ஆன போர்டு வந்தால் சர்வீஸ் செய்பவர்கள் இதன் மேல் ப்ரோபை வைத்துப் பார்ப்பது வழக்கம்.

இந்தக் கிரிஸ்டல்களில் பல 12.5 பைக்கோபாரட் சுமைக்கு என்று தயாரிக்கப்பட்டவை. 10எக்ஸ் ப்ரோப் ஒன்று அதன் மேல் 10 முதல் 15 பைக்கோபாரட் கூடுதல் சுமையை ஏற்றும். 1எக்ஸ் நிலையிலோ 100 பைக்கோபாரட் அளவுக்கு ஏற்றி விடும். நோஞ்சான் மாடு இழுக்கும் வண்டியில் நாமும் ஏறி உட்கார்ந்து கொண்டு, "மாடு ஏன் நகரவில்லை?" என்று பார்ப்பது மாதிரி. ப்ரோபை வைத்தவுடன் கிரிஸ்டல் நின்று போகலாம். திரையில் தட்டையான கோடு. "கிரிஸ்டல் ஓடலை சார்." ப்ரோபை எடுத்தவுடன் அது மறுபடி ஓடத் தொடங்கியிருக்கும்; அதைப் பார்க்க யாரும் இல்லை!

இங்கே கழித்தல் கணக்கும் உதவாது. பாத்திரத்தின் எடையைக் கழிக்கலாம். பாத்திரமே நெய்யைக் கொட்டி விட்டால் எதைக் கழிப்பது? அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளை மாற்றும் இடங்களில், தட்டையான கோட்டை வைத்து தீர்ப்பு எழுதக் கூடாது. சுமை குறைந்த ப்ரோப் வேண்டும், அல்லது வேறு வழியில் சோதிக்க வேண்டும்.

திருகிய பிறகும் மிச்சம் இருப்பவை

திருகைச் சரி செய்து விட்டால் எல்லாம் சரியா? இல்லை. இன்னும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, பேண்ட்வித். "100 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலோஸ்கோப்" என்று பெட்டியில் போட்டிருந்தால், 100 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாம் சரியாகத் தெரியும் என்று நினைத்து விடாதீர்கள். அந்த இடத்தில் 3 டெசிபெல் குறையும் என்பதே அதன் பொருள். அதாவது 1 வோல்ட் சிக்னல் 0.7 வோல்ட்டாகத் தெரியும். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் ப்ரோபை மாட்டினால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 70 மெகாஹெர்ட்ஸ்தான் தேறும்.

இரண்டாவது, கேபிள் நீளம். உங்கள் வீட்டு மாடியில் உள்ள டிடிஎச் டிஷ்ஷிலிருந்து வரும் ஆர்ஜி-6 கேபிளையே எடுத்துக் கொள்ளுங்கள். 1000 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு ஏறத்தாழ 20 டெசிபெல் இழப்பு. 30 மீட்டர் கேபிள் போட்டால் 6 டெசிபெல், அதாவது வோல்டேஜ் பாதியாகி விடும். டிஷ் மேல் குறை சொல்வதற்கு முன் கேபிளின் கணக்கைப் பார்க்க வேண்டும். டெசிபெல்லில் ஒரு வசதி உண்டு. கேபிளை மட்டும் தனியாக அளந்து, வந்த இழப்பைக் கடைசி அளவோடு கூட்டினால் போதும்.

மூன்றாவது, ப்ரோபின் கிரவுண்ட் கிளிப். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தச் சின்ன ஒயர், ப்ரோபின் 10 பைக்கோபாரட்டோடு சேர்ந்து ஏறத்தாழ 130 மெகாஹெர்ட்ஸில் மணி அடித்தது போல ஒலிக்கும். சிக்னலில் இல்லாத நடுக்கம் திரையில் தெரியும். சுற்றியுள்ள இரைச்சலையும் ஆன்டெனா மாதிரி அது இழுத்துக் கொள்ளும்.

கம்ப்யூட்டர் பவர் சப்ளையைச் சோதிக்கும்போது இதன் விளைவு பெரிது. ஏடிஎக்ஸ் பவர் சப்ளைக்கான இன்டெல் வழிகாட்டியில், 12 வோல்ட்டில் மேலும் கீழுமாக ஆடும் ரிப்பிள் 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் 50 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று இருக்கிறது. அதை எப்படி அளக்க வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது: கனெக்டரில் 10 மைக்ரோபாரட், 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர்களை வைத்து, ஸ்கோப்பின் பேண்ட்வித்தை 20 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்துக் கொண்டு. இவை எதையும் செய்யாமல், நீளமான கிளிப்பை எங்கோ மாட்டி, "200 மில்லிவோல்ட் ஆடுது, எஸ்எம்பிஎஸ் போச்சு" என்றால் என்ன பொருள்? அந்த 200-ல் எஸ்எம்பிஎஸ்ஸின் பங்கு எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. ப்ரோபின் முனையை அதன் சொந்த கிரவுண்ட் கிளிப்பிலேயே தொட வைத்து, அளக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பிடியுங்கள். பூஜ்யம் தெரிய வேண்டும். 60 மில்லிவோல்ட் ஆட்டம் தெரிந்தால், அது உங்கள் வெறும் பாத்திரத்தின் எடை.

ஒரு கேபிள் இணைப்பு செய்த வேலை

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று நினைக்காதீர்கள். 2011 செப்டம்பரில் உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் ஒரு செய்தியை வெளியிட்டன. சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள செர்ன் ஆய்வுக் கூடத்திலிருந்து, சுமார் 730 கிலோமீட்டர் தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில் உள்ள ஓபரா என்ற கருவிக்கு வந்த நியூட்ரினோ துகள்கள், ஒளியை விட ஏறத்தாழ 60 நானோசெகண்ட் முன்னால் வந்து சேர்ந்தன என்பதே அந்தச் செய்தி. ஐன்ஸ்டீன் சொன்னது தவறா என்று விவாதங்கள் நடந்தன.

2012 பிப்ரவரியில் காரணம் வெளியே வந்தது. ஜிபிஎஸ் நேரத்தைக் கருவிக்குக் கொண்டு வரும் பைபர் கேபிளின் கனெக்டர் சரியாகப் பொருந்தாமல் இருந்திருக்கிறது. அதனால் நேர சிக்னல் 70 நானோசெகண்டுக்கு மேல் தாமதமாகி, துகள்கள் முந்தி வந்தது போலத் தோன்றியது. கடிகாரத்தில் இருந்த இன்னொரு சிறு பிழை எதிர்த் திசையில் வேலை செய்தது. இரண்டையும் சரி செய்த பிறகு, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்று தெளிவானது.

அந்த விஞ்ஞானிகளைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. கேபிள் தாமதம் என்ற ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதைக் கணக்கிலும் சேர்த்திருந்தார்கள். ஆனால் முன்பு அளந்த எண், இணைப்பு மாறிய பிறகும் செல்லும் என்று எடுத்துக் கொள்ளப்பட்டது. தங்கள் முடிவை வெளியே வைத்து, மற்றவர்களைச் சோதிக்கச் சொல்லி, கடைசியில் கேபிளைத் தேடிப் பிடித்ததும் அவர்களே. அந்த நேர்மைதான் நமக்குப் பாடம்.

திருத்தம் வேறு, திணிப்பு வேறு

இங்கே ஒரு ஆபத்தையும் சொல்ல வேண்டும். "ஒயரால் குறைகிறது" என்று தெரிந்து கொண்டவுடன், வேண்டிய எண் வரும் வரை கூட்டியும் கழித்தும் போடும் பழக்கம் வந்து விடும். எங்கள் இன்ஜினியரிங் லேபில் இது சர்வ சாதாரணம். ப்ரோபின் திருகை யாரும் தொட்டதே இல்லை. ஸ்கோப்பில் வந்தது ஒன்று, ரெக்கார்டு நோட்டில் ஏறியது புத்தகத்தில் இருந்த எண். வித்தியாசத்துக்குக் காரணம் கேட்டால் "லாஸ்" என்று ஒரு வார்த்தை. எவ்வளவு லாஸ் என்று யாரும் அளக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அப்படிப் பழகி வந்தவர்கள்தான் பிறகு சர்வீஸ் மேஜையில் உட்காருகிறார்கள். எனவே இது லேபோடு முடிகிற விஷயம் அல்ல. உண்மையான திருத்தம், பொருளை அளப்பதற்கு முன்பே கேபிளையும் ப்ரோபையும் தனியாக அளந்து எழுதி வைத்த எண். விடையைப் பார்த்த பிறகு தேடிப் பிடித்த எண் திருத்தம் அல்ல, திணிப்பு. லேப் தேர்வுகளில் சரியான விடைக்கு மார்க் கொடுப்பதை விட, "என் ப்ரோபின் பங்கு இவ்வளவு" என்று முதல் வரியில் எழுதியவருக்கு மார்க் கொடுத்தால் நிலைமை மாறும் என்பது என் கருத்து.

"ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம் வந்தால் எந்தத் திருத்தமும் தேவையில்லை. நல்ல பார்ட் ஒன்றை மாற்றிப் போட்டுப் பார்ப்பதும் அருமையான சோதனை. மோசமான அளவீட்டை விட அது எவ்வளவோ மேல். அனுபவசாலிகள் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் எல்லைக்கு அருகில் இருக்கும் எண்களில்தான் சிக்கல். பல பவர் சப்ளைகளில் 12 வோல்ட்டுக்கு 5 சதவீதம் வரை விலகல் ஏற்கப்படும், அதாவது 11.4 வரை குறையலாம். 11.3 என்று காட்டினால் பொருள் பழுதா, நடுவில் போட்ட எக்ஸ்டென்ஷன் ஒயர் மெலிதா? அங்கே ஒயரின் கணக்கு தெரியாவிட்டால் உங்கள் பணம் போகும்.

ஒரு எச்சரிக்கை

இதைப் படித்து விட்டு ஆர்வத்தில் பவர் சப்ளைப் பெட்டியைத் திறந்து ப்ரோபை வைத்து விடாதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பிறகும் சிறிது நேரம் தேங்கி நிற்கும். யுஎஸ்பி ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டரின் கிரவுண்டோடு நேராக இணைந்தது. தவறான இடத்தில் மாட்டினால் ஸ்கோப், கம்ப்யூட்டர் இரண்டும் போகும், உயிருக்கும் ஆபத்து. வெளியே வரும் 5, 12 வோல்ட் கனெக்டர்களோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

நீங்கள் செய்யக் கூடியது

அடுத்த முறை யாராவது எண்ணைக் காட்டி ஒரு பொருளை மாற்றச் சொன்னால், மரியாதையாக மூன்று கேள்விகள் கேளுங்கள். ப்ரோப் 1எக்ஸ்-ல் இருக்கிறதா, 10எக்ஸ்-ல் இருக்கிறதா, மெனுவிலும் அப்படியே இருக்கிறதா? சதுர அலையில் வைத்து ப்ரோபைச் சரி பார்த்தீர்களா? ப்ரோப் முனையைக் கிளிப்பில் தொட்டால் என்ன காட்டுகிறது?

தொழில் தெரிந்தவர் கோபப்பட மாட்டார். இரண்டு நிமிடத்தில் செய்து காட்டி விடுவார். உங்களுக்கும் நம்பிக்கை வரும். அவர் மேல் மதிப்பும் கூடும். செய்து காட்ட மறுத்தால், பொருளை எடுத்துக் கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். நெய்க் கடையில் வெறும் பாத்திரத்தை நிறுக்கச் சொல்ல நாம் கூச்சப்படுவதில்லை. இங்கே மட்டும் எதற்குக் கூச்சம்?